நூறு மைல் குதிரைச் சவாரியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரில் நடக்கும் டெவிஸ் கோப்பைச் சவாரி, வெண்டெல் ராபியின் முயற்சியால் 1955-இல் தொடங்கியது. இன்று டிரக்கி நகரின் அருகிலிருந்து ஆபர்ன் வரை 100 மைல், அதாவது ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவை ஒரே குதிரையில் 24 மணி நேரத்துக்குள் கடக்க வேண்டும். புறப்படுபவற்றில் சுமார் பாதிக் குதிரைகளே ஆபர்னைச் சென்றடைகின்றன. மற்றவற்றில் பெரும்பாலானவை நொண்டுவதாலோ, களைப்பு நீங்காததாலோ வழியில் கால்நடை மருத்துவர்களால் நிறுத்தப்படுகின்றன. ஆனால் அதற்குக் காரணமான தவறு அந்த இடத்தில் நேர்ந்ததன்று. பல மணி நேரத்துக்கு முன்பே நேர்ந்திருக்கும்.

முதன்மையான தவறு தொடக்க வேகம். விடியற்காலைக் குளிரில் பல குதிரைகள் ஒன்றாகப் புறப்படும்போது, கூட்டத்தோடு ஓடும் இயல்பால் ஒவ்வொன்றும் கடிவாளத்தை இழுத்துக்கொண்டு முந்தப் பார்க்கும். அதை உடல் வலிமை என்று எண்ணி விட்டுக்கொடுப்பவர், பிற்பகலில் ஆழமான பள்ளத்தாக்குகளின் வெப்பத்துக்குள் இறங்கும்போது அதன் விலையைக் கொடுக்கிறார். நல்ல குதிரை தானாக நிற்காது. தசை சிதையும் நிலையிலும் ஓடும். ஆகவே வேகத்தை அடக்கும் பொறுப்பு முழுக்கச் சவாரியாளருடையது.

தண்ணீரைப் பற்றிய தவறான புரிதல் இதைவிட ஆபத்தானது. மனிதரின் வியர்வையில் உப்பு குறைவு என்பதால், வியர்க்க வியர்க்க நம் இரத்தத்தில் உப்பின் செறிவு கூடித் தாகம் எடுக்கிறது. குதிரையின் வியர்வையிலோ உப்பு மிகுதி. நீரும் உப்பும் சேர்ந்தே வெளியேறுவதால், உடல் வறண்ட பிறகும் அதற்குத் தாகம் தோன்றாமல் போகலாம். தொட்டியில் வாய் வைக்காமல் திரும்பும் குதிரைக்குத் தண்ணீர் தேவையில்லை என்று முடிவுகட்டுவது இதனால்தான் தவறு. உடனே எலெக்ட்ரோலைட் பசையை, அதாவது வியர்வையில் இழந்த உப்புகளை ஈடுசெய்யும் பசையை, அதன் வாயில் செலுத்துவதும் சரியன்று. நீர் அருந்தாத குதிரைக்குக் கொடுக்கும் உப்பு, உடலில் எஞ்சியிருக்கும் நீரையும் குடலுக்குள் இழுத்துவிடும். நனைத்த உலர்புல்லைத் தின்ன வைத்து, நீர் அருந்திய பிறகு சிறுசிறு அளவில் கொடுப்பதே முறை.

பயிற்சியில் அவசரப்படுவோரும் பலர். இதயமும் தசையும் சில மாதங்களில் தேறிவிடும்; தசைநாண்களும் எலும்பும் உறுதிப்பட ஆண்டுகள் ஆகும். கண்ணுக்குத் திடமாகத் தெரியும் குதிரையின் கால் உள்ளே இன்னும் தயாராகாமல் இருக்கலாம். புதிய சேணத்தையோ வயிற்றுவாரையோ போட்டியன்று முதன்முதலாகப் பூட்டுவதும் கூடாது. 30 கிலோமீட்டரில் வெறும் சிவப்பாகத் தெரியும் உராய்வு 100 கிலோமீட்டரில் புண்ணாகிவிடும்.

பரிசோதனை நிலையத்துக்குள் பாய்ந்தோடி வருவதால் நேரம் மிச்சமாவதில்லை. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 60 அல்லது 64 என விதித்த அளவுக்கு இறங்கிய பிறகே பல போட்டிகளில் அங்கு நிற்க வேண்டிய கட்டாய ஓய்வு நேரம் தொடங்கியதாகக் கணக்கிடப்படுகிறது. கடைசி ஒரு கிலோமீட்டரில் கீழே இறங்கி, குதிரையோடு நடந்து வருவது நல்லது. வந்ததும் சேணத்தைக் கழற்றி, குளிர்ந்த நீரை நிறுத்தாமல் ஊற்ற வேண்டும். அதனால் தசை பிடித்துக்கொள்ளும் என்ற பழைய அச்சத்துக்கு ஆதாரமில்லை. மருத்துவர் துடிப்பை எண்ணியபின், குதிரையைச் சுமார் 38 மீட்டர் தூரம் ஓட்டித் திரும்பி வரச் செய்வார். ஓடத் தொடங்கி ஒரு நிமிடம் ஆனதும் மீண்டும் எண்ணுவார். முதலில் 60 இருந்து இப்போது 68 ஆனால், அந்தக் குதிரை களைப்பையோ வலியையோ மறைத்துக்கொண்டிருக்கிறது என்று ஐயப்பட வேண்டும். அந்த எண்ணோடு வாதிடும் சவாரியாளர்கள் உண்டு. நான் பார்த்தவரை இதைவிட வருந்தத்தக்க தவறு வேறில்லை.

சிறுநீர் காப்பி நிறத்தில் வந்தாலோ, பின்தொடைகள் கல்லைப் போல் இறுகினாலோ, நடக்க வைத்துச் சரிசெய்யலாம் என்று முயலக் கூடாது. நின்ற இடத்திலேயே மருத்துவரை அழைக்க வேண்டும்.

முடிவுக் கோட்டைக் கடந்ததும் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. அங்கு நடக்கும் பரிசோதனையிலும் குதிரை மேற்கொண்டு செல்லத் தகுதியானது என்று உறுதியானால்தான் சவாரி நிறைவுற்றதாகக் கொள்ளப்படும். அதன் பிறகும் வயிற்றுவலி வரக்கூடும். எனவே குதிரை தின்று, குடித்து, சாணமிடுவதைப் பார்த்து, ஓய்வும் கொடுத்த பிறகே வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும்.