இரவல் புத்தகத்துக்குத் தண்டப்பணம் கட்டாமல் இருக்க

நூலகத்தில் புத்தகம் எடுத்தவுடன் பின்னட்டைப் பக்கம் ஒட்டியிருக்கும் திகதித் தாளைக் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். அதில் முத்திரைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நெருக்கிக் குத்தியிருக்கும். கடைசித் திகதி பல நேரம் மை மங்கி 3ஆ 8ஆ என்றே தெரியாது. அங்கேயே கேட்டுத் தெளிவாக்குங்கள். பிறகு அந்தத் திகதிக்கு இரண்டு நாள் முன்னதாக அலாரம் வையுங்கள். கடைசி நாள் போயாவிலோ வேறு விடுமுறையிலோ விழுந்தால் அதற்கு முதல் நாளே கொண்டுபோய்க் கொடுப்பதுதான் நல்லது.

வாசித்து முடியவில்லையா? திகதி தாண்ட முன்னரே போய்ப் புதுப்பிக்கக் கேளுங்கள். வேறு யாரும் கேட்டு வைத்திருக்காவிட்டால் பெரும்பாலும் தருவார்கள். தண்டம் வழமையாக நாள் கணக்கில், ஒவ்வொரு புத்தகத்துக்கும் தனித்தனியாக ஏறும். பிந்திவிட்டால் வெட்கப்பட்டு வீட்டில் வைத்திருக்க வேண்டாம், உடனே கொடுங்கள். சில நூலகங்களில் இறுவட்டுகளுக்குத் தவணையும் தண்டமும் வேறு, அதையும் விசாரியுங்கள்.

கிழிந்த பக்கம் இருந்தால் எடுக்கும்போதே காட்டிவிடுங்கள். அப்புறம் பழி உங்கள் மேல் வராது.

உசாத்துணைப் பகுதி நூல்களை வீட்டுக்குத் தரமாட்டார்கள். அப்படியானவற்றை 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற இணையத்தளத்திலும் தேடிப் பாருங்கள்; ஈழத்துப் பழைய நூல்களும் சஞ்சிகைகளும் அங்கே இலவசம், திருப்பிக் கொடுக்கும் திகதியும் இல்லை. 1981இல் எங்கள் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. இப்போது அலுமாரியில் இருப்பவை அடுத்தவர் கைக்கும் நேரத்துக்குப் போகட்டும்.