தாச்சியில் எண்ணெய் படும் பாடு: பொரிக்கும்போது நாம் விடும் பிழைகள்

சென்ற தீபாவளிக்கு முதல் நாள் இரவு. வெள்ளவத்தையில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டில் முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தோம். பாதியில் தேங்காய் எண்ணெய் குறைந்துவிட்டது. கடைக்கு இறங்கி ஏற எனக்குச் சோம்பல். அலுமாரியில் அரைப் போத்தல் சோயா எண்ணெய் இருந்தது. எண்ணெய்தானே என்று அதையும் தாச்சியில் ஊற்றினேன். அடுத்த ஈடு முறுக்கைப் போட்டதும் வெள்ளை நுரை பொங்கி விளிம்பைத் தொட்டது. அடுப்பை நிற்பாட்டிவிட்டு நாலடி தள்ளி நின்றதுதான் நான் செய்த ஒரே புத்தியான காரியம். "அதை ஏன் பிள்ளை கலந்தனீ?" என்றார் மாமி. கலக்கக்கூடாது என்பது அவருக்குத் தெரியும். ஏன் என்பதைப் பிறகு நான்தான் தேடிப் படித்தேன்.

தேங்காய் எண்ணெயின் கொழுப்பமிலங்கள் பெரும்பாலும் குட்டையானவை. அதில் ஏறத்தாழ பாதி, 12 காபன் அணு நீளமுள்ள லோரிக் அமிலம். சோயாவிலும் சூரியகாந்தியிலும் இருப்பவை அநேகமாக 18 காபன் நீளமானவை. இந்த இரண்டு வகையும் கலந்த எண்ணெயில் ஈரமான மாவைப் போட்டால், கிளம்புகிற நீராவிக் குமிழி சட்டென்று உடையாமல் நுரையாகத் திரண்டு நிற்கும். ஆகவே முதல் பிழை, மிச்சம் மீதியை ஒன்றாக ஊற்றிப் பொரிப்பது. தாளிதத்துக்கு இரண்டு கரண்டி கலந்தால் குடிமுழுகாது. தாச்சி நிறைய ஊற்றிப் பொரிக்கும்போதுதான் வில்லங்கம்.

எந்த எண்ணெய் நல்லது என்ற சண்டை கொழும்பில் வீட்டுக்கு வீடு உண்டு. தேங்காய் எண்ணெய் என்று அம்மம்மா ஒரு பக்கம், சூரியகாந்தி என்று டொக்டரிடம் போய்வந்த அப்பா இன்னொரு பக்கம். இருவரும் பேசுவது போத்தலில் இருக்கும் எண்ணெயைப் பற்றி. அடுப்பில் ஏறி 180 பாகை செல்சியஸில் அரை மணி நேரம் நின்ற பிறகு அது அதே எண்ணெய் இல்லை. அந்த அரை மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

மூன்று காரியம் நடக்கிறது. உணவிலிருந்து வரும் தண்ணீர் கொழுப்பு மூலக்கூறை உடைத்து, கொழுப்பமிலத்தைத் தனியே பிரித்துவிடுகிறது. காற்றிலுள்ள ஒட்சிசன், மூலக்கூறில் இரட்டைப் பிணைப்பு இருக்கும் இடமாகப் பார்த்துத் தாக்குகிறது. பழைய எண்ணெயின் காறல் மணம் அதிலிருந்துதான் வருகிறது. அப்புறம், சிதைந்த மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகி எண்ணெயைத் தடிப்பாக்குகின்றன. எவ்வளவு தேய்த்தாலும் போகாமல் தாச்சியின் விளிம்பில் பிசுபிசுவென்று மஞ்சளாக ஒட்டியிருக்குமே, அதுதான் இது.

இந்த இடத்தில்தான் படித்தவர்களே பிழை விடுகிறார்கள். புகை கிளம்பும் வெப்பநிலை உயர்ந்த எண்ணெய்தான் பொரிக்க உகந்தது என்று எங்கோ வாசித்துவிட்டு அதையே பிடித்துக்கொள்கிறார்கள். சுத்திகரித்த சூரியகாந்தி எண்ணெய் சுமார் 230 பாகைவரை புகையாது. சுத்திகரிக்காத தேங்காய் எண்ணெய் 175 அளவிலேயே புகையத் தொடங்கும். சுத்திகரித்தது 200ஐத் தாண்டும். அப்படியானால் சூரியகாந்தி வென்றுவிட்டதா? இல்லை. புகைவது ஒன்று, கெடுவது வேறொன்று. சாதாரண சூரியகாந்தி எண்ணெயில் அறுபது வீதத்துக்குக் கிட்ட, ஒன்றுக்கு மேற்பட்ட இரட்டைப் பிணைப்புள்ள கொழுப்பு. தேங்காய் எண்ணெயில் அது வெறும் இரண்டு வீதமளவு. ஒட்சிசனுக்குப் பிடிகொடுக்கும் இடம் முன்னதில் ஏராளம். அதனால் கண்ணுக்குப் புகையே தெரியாமல் சூரியகாந்தியும் சோயாவும் உள்ளுக்குள் சீக்கிரம் கெட்டுப்போகும். தேங்காய் எண்ணெய் தாக்குப்பிடிக்கும்.

உடனே அம்மம்மா கட்சி வென்றதாக நினைக்க வேண்டாம். தாச்சியில் தாக்குப்பிடிப்பதற்கு என்ன காரணமோ, இரட்டைப் பிணைப்பே இல்லாத அதே நிரம்பிய கொழுப்புத்தான் இரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ரோலை ஏற்றுவதும். தேங்காய் எண்ணெயில் அது ஏறத்தாழ 90 வீதம். நாளாந்தச் சக்தியில் 10 வீதத்துக்கு மேல் நிரம்பிய கொழுப்பிலிருந்து வரக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2000 கலோரி சாப்பிடுபவருக்கு அது 22 கிராம். இரண்டு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயிலேயே கணக்கு முடிந்துவிடும், சொதியிலும் சம்பலிலும் போகும் தேங்காயைச் சேர்க்காமலே. என் வீட்டு முடிவு இதுதான்: பொரிப்பதென்றால் தேங்காய் எண்ணெய், ஆனால் பொரிப்பது எப்போதாவது. அன்றாடக் கறிக்கு வேறு எண்ணெய், அதுவும் கொஞ்சமாக. நல்லெண்ணெய் தாளிதத்துக்கும் இடியப்பத்தோடு சாப்பிடும் மிளகாய்ப் பொடிக்கும்.

போத்தலில் "மரக்கறி எண்ணெய்" என்று மட்டும் பார்த்து வாங்குவதும் பிழை. அது சோயாவாக இருக்கலாம், பாம் எண்ணெய் என்கிற முள்ளுத்தேங்காய் எண்ணெயாகவும் இருக்கலாம். இரண்டும் அடுப்பில் ஒரே மாதிரி நடக்காது. பின்பக்கத்துச் சிறிய எழுத்தை வாசியுங்கள். "கொலஸ்ட்ரோல் அற்றது" என்ற பெரிய எழுத்தை விட்டுவிடலாம். தாவர எண்ணெய் எதிலும் சொல்லும்படியான கொலஸ்ட்ரோல் கிடையாது. தண்ணீர்ப் போத்தலில் "எலும்பு இல்லை" என்று போடுவது போலத்தான் அதுவும்.

இனிக் கைப்பழக்கத்தால் வரும் பிழைகள். சூடை மீனில் உப்பும் மஞ்சளும் பூசி வைத்தால் தண்ணீர் ஊறும். அதை ஒற்றி எடுக்காமல் அப்படியே எண்ணெயில் போடுகிறோம். கையில் தெறிப்பது ஒரு பக்கம் இருக்க, எண்ணெயை உடைக்கிற தண்ணீரை நாமே ஊற்றிக்கொடுக்கிறோம். எண்ணெயைச் சூடாக்கிவிட்டு, கட்லட் பிடித்து முடியும்வரை வெறுமனே கொதிக்க விடுவதும் அப்படித்தான். பொரியும்போது மேலெழும் நீராவி காற்றைக் கொஞ்சமாவது தள்ளி வைக்கும். சும்மா காய்கிற எண்ணெய்க்கு அந்தக் காவல்கூட இல்லை. அகன்ற தாச்சியைவிட ஒடுக்கமான, ஆழமான பாத்திரம் நல்லது என்பதும் இதே காரணத்தால்தான்.

சூடு குறைவாக இருந்தால் எண்ணெய் குடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். எண்ணெயின் பெரும்பகுதி உள்ளே போவது பொரியும்போது அல்ல, எடுத்த பிறகு என்பது பலருக்குத் தெரியாது. தாச்சியில் இருக்கும்வரை நீராவி வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். வெளியே எடுத்து ஆறத் தொடங்கியதும் உள்ளே அழுத்தம் குறைந்து, மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆகவே ரோல்ஸைத் துளைக்கரண்டியில் எடுத்த கையோடு நன்றாக உதறி, கம்பித் தட்டில் வையுங்கள். பத்திரிகைத் தாளில் குவித்தால் அச்சு மை தொற்றும், அடியில் உள்ளவை ஆவியில் ஊறி நமுத்தும் போகும். (பழைய கொப்பித் தாளில் சுற்றிய வடையில், யாரோ ஒரு பிள்ளையின் கணக்கை வாசித்துக்கொண்டே சாப்பிட்டு வளர்ந்தவன்தான் நானும்.)

எத்தனை தரம் பாவிக்கலாம்? இந்தியாவில் 2018 முதல், பொரித்த எண்ணெயில் முனைவுச் சேர்மங்கள், அதாவது எண்ணெய் சிதைவதால் சேரும் பொருட்கள், 25 வீதத்தைத் தாண்டினால் பாவிக்கக்கூடாது என்று விதி உண்டு. வீட்டில் அதை அளக்கக் கருவி இல்லை. நிறத்தை மட்டும் நம்பவும் முடியாது. மிளகாய்த்தூள் பூசிய மீன் ஒரே தரத்தில் எண்ணெயைச் சிவப்பாக்கும். வெளிறிய சோயா எண்ணெய் கெட்டும் வெளிறியே இருக்கலாம். முன்பு புகையாத சூட்டில் இப்போது புகைகிறதா, குமிழி பொடிப்பொடியாக வந்து உடையாமல் நிற்கிறதா, கரண்டியிலிருந்து தடிப்பாக வடிகிறதா என்று பாருங்கள். ஒன்று தெரிந்தாலும் முடிந்தது. நான் இரண்டாம் தரத்தோடு நிறுத்திவிடுகிறேன். வைப்பதென்றால் ஆறியதும் தூளும் கரியும் போக வடித்து, மூடி, வெளிச்சம் படாமல் வையுங்கள். பித்தளை, செப்புப் பாத்திரம் ஆகாது, உலோகம் கெடுதலைத் துரிதப்படுத்தும். பழையதன் மேல் புதியதை ஊற்றி "சரி, சமாளிக்கலாம்" என்பதும் ஆகாது. பழையது புதியதையும் இழுத்துக்கொண்டு போய்விடும்.

எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. ஒரு லீற்றர் தண்ணீர் கணப்பொழுதில் 1700 லீற்றர் அளவு நீராவியாகி எரியும் எண்ணெயைக் கூரைக்கு எறியும். முடிந்தால் அடுப்பை நிற்பாட்டி, மூடியால் மூடி, தானாக ஆறும்வரை திறக்காமல் விட்டுவிடுங்கள். கழித்த எண்ணெயைக் கழுவும் தொட்டியில் ஊற்றாதீர்கள். மாடி வீடுகளில் கீழ்வீட்டுக்காரர்தான் முதலில் கதவைத் தட்டுவார்.

காலிமுகத்திடலில் இறால் வடை வாங்கும்போது எல்லோரும் எந்த வடையில் இறால் பெரிது என்று பார்ப்பார்கள். நான் இப்போது எட்டி எண்ணெயைப் பார்க்கிறேன். பசி கூடின நாளில் மட்டும் பார்ப்பதில்லை.