சொந்தமாகக் கட்டும் வீட்டுக்கு ஹீட் பம்ப்: வாங்கும் முன் போடவேண்டிய கணக்கு, வாங்கிய பின் தொடக்கூடாத பொத்தான்கள்

இங்கிலாந்தில் மனை வாங்கித் தாமே வீடு கட்டிக்கொண்டிருக்கும் நண்பர்கள் சிலர் ஒரே கேள்விகளை மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக மின்னஞ்சல் எழுதி அலுத்துவிட்டது. பர்மிங்காமுக்கு வெளியே நாங்கள் கட்டிய வீட்டில் கற்றுக்கொண்டதை இங்கே மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

ஹீட் பம்ப் எப்படி இயங்குகிறது என்று பாடம் எடுக்கப்போவதில்லை. சென்னையில் ஏசி ஓடும் வீட்டின் வெளிச்சுவரில் அனல் துப்பும் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். அதே வேலையைத் திருப்பிச் செய்வதுதான் ஹீட் பம்ப்: வெளிக்காற்றின் வெப்பத்தை எடுத்து, வீட்டுத் தரைக்குள் குழாயில் ஓடும் நீரைச் சூடாக்கும். உங்களுக்குத் தேவைப்படுவது பணக்கணக்கு. பிரிட்டனில் ஒரு யூனிட் (ஒரு கிலோவாட்-மணி) மின்சாரம் ஒரு யூனிட் எரிவாயுவைப் போல ஏறத்தாழ 4 மடங்கு விலை. நல்ல பாய்லர் எரிவாயுவில் 90 சதவீதத்தை வெப்பமாக்கிவிடும். ஆகவே ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 3.6 யூனிட் வெப்பமாவது தந்தால்தான் ஹீட் பம்ப் பாய்லரோடு சமநிலைக்கு வரும். அதற்கு மேல் கிடைப்பதுதான் லாபம். குழாயில் ஓடும் நீரின் சூட்டை ஒரு டிகிரி குறைத்தால் மின்செலவு சுமார் 2 சதவீதம் குறைகிறது. 55 டிகிரி நீரில் ஓட்டினால் கணக்கு உதைக்கும். 32 டிகிரியில் ஓட்டினால் கையில் காசு நிற்கும். கீழே வரும் எல்லாப் படிகளும் அந்த 32-ஐ நோக்கித்தான்.

படி 1: வெப்ப இழப்புக் கணக்கு

இதை நீங்களேதான் போடவேண்டும். விற்பவர் போட்டுத் தருவார் என்று விட்டுவிடாதீர்கள். எங்களுக்கு வந்த முதல் விலைப்புள்ளியில், தரைப்பரப்பை ஏதோ ஓர் எண்ணால் பெருக்கி 11 கிலோவாட் என்று எழுதியிருந்தார்கள். பழைய, காற்றொழுகும் வீடுகளில் பழகிய கை அது.

பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம், ஒரு விரிதாள் போதும். நான் மென்பொருள்களையும் முயன்று பார்த்தேன். உள்ளே என்ன அனுமானம் ஒளிந்திருக்கிறது என்று தெரியாத எண்ணை நம்புவதைவிட, நாமே தட்டிய எண்ணை நம்பலாம். ஒவ்வொரு பரப்பையும் அதன் யு-மதிப்பால் (ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு ஒரு சதுர மீட்டர் வழியாக எத்தனை வாட் வெளியேறுகிறது என்ற எண்) பெருக்குங்கள். இரண்டு மாடியில் 140 சதுர மீட்டர் உள்ள வீட்டுக்கு இப்படி வரும்:

சுவர்: 160 ச.மீ. × 0.15 = 24
கூரை: 75 × 0.11 = 8
தரை: 70 × 0.12 = 8
சன்னல், கதவு: 25 × 1.2 = 30
காற்று மாற்றம்: 350 கன மீட்டர் × 0.33 (காற்றின் வெப்பக் கொள்ளளவு) × 0.15 (மீட்ட வெப்பம் போக, வீட்டுக் காற்று மணிக்கு எத்தனை முறை மாறுகிறது) = 17
மூலை, விளிம்பு இணைப்புகளில் கசிவது: 8

மொத்தம் 95. வெளியே ஒரு டிகிரி குறைந்தால் வீடு கூடுதலாக 95 வாட் இழக்கும் என்று பொருள். எங்கள் பகுதியில் கடும் குளிர் நாளுக்கு மைனஸ் 3 என்று வைத்துக் கணக்கிடலாம். உள்ளே 21 வேண்டும் என்றால் வித்தியாசம் 24. 95 × 24 = 2,280 வாட். அதாவது 2.3 கிலோவாட். முதல் விலைப்புள்ளி சொன்ன 11 எங்கே, இது எங்கே!

பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். 160 சதுர மீட்டர் சுவரைவிட 25 சதுர மீட்டர் சன்னல் அதிகம் இழக்கிறது. சுவர் இன்சுலேஷனில் இன்னும் ஐந்து சென்டிமீட்டர் கூட்டுவதா, சன்னலில் மூன்றாவது கண்ணாடி போடுவதா என்று தயங்குகிறவர்களுக்கு விடை அதிலேயே இருக்கிறது.

காற்று வரிசையில் உள்ள 0.15 சும்மா வருவதில்லை. காற்று புகாமல் வீட்டை அடைத்து, வெளியேறும் காற்றிலிருந்து வெப்பத்தை மீட்கும் விசிறி அமைப்பையும் வைத்தால்தான் அந்த எண். இல்லாவிட்டால் 0.5 என்று வைத்துப் பாருங்கள்: அந்த ஒரு வரி மட்டும் 58 ஆகிவிடும். சுவரும் சன்னலும் சேர்ந்து இழப்பதைவிட அதிகம்.

ஆகவே காற்றுக்கசிவுச் சோதனையைப் பூச்சு வேலைக்கு முன்பே ஒருமுறை செய்யுங்கள். வீடு முடிந்த பிறகு செய்யும் சோதனை சான்றிதழுக்குத்தான் உதவும். வாசலில் பெரிய விசிறியைப் பொருத்திக் காற்றை வெளியே இழுக்கும்போது, கையில் ஊதுவத்தியோடு சுற்றி வாருங்கள். வெப்பப் படம் எடுக்கும் காமிரா வாடகைக்குக் கிடைக்கும். ஆனால் உள்ளும் வெளியும் நல்ல வெப்ப வித்தியாசம் இல்லாத நாளில் அது பயன்படாது. ஊதுவத்திக்குக் கோடையும் ஒன்றுதான், குளிரும் ஒன்றுதான். எங்கள் வீட்டில் சன்னல் ஓரங்களில் புகை நேராக நின்றது. சமையலறைத் தொட்டிக்குப் பின்னால் கழிவுநீர்க் குழாய் சுவரைத் துளைக்கும் இடத்தில் மட்டும் பக்கவாட்டில் படுத்து அறைக்குள் ஓடியது. விரல் நுழையாத இடைவெளிதான். டேப் ஒட்டியதும் புகை நிமிர்ந்துவிட்டது.

படி 2: சிறிய பம்ப்

2.3 கிலோவாட் தேவைக்குச் சந்தையில் கிடைப்பதிலேயே சிறிய பம்ப்பை வாங்குங்கள். அதுவே அதிகம்தான். "இருக்கட்டுமே, பெரிதாகவே வாங்கிவிடலாம்" என்ற நம் ஊர்ப் புத்தி இங்கே எடுபடாது. விவரப்பட்டியலில் அதிகபட்சத் திறனைப் பார்க்காமல் குறைந்தபட்சத் திறனைத் தேடுங்கள். வெளியே 5 டிகிரி இருக்கும் சாதாரணக் குளிர்கால நாளில் இந்த வீட்டுக்கு ஒன்றரை கிலோவாட் போதும். சமையல், ஆட்கள், வெயில் ஆகியவற்றைக் கழித்தால் இன்னும் குறையும். 11 கிலோவாட் பம்ப் எவ்வளவு தணித்து ஓடினாலும் அவ்வளவு கீழே இறங்காது. ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். கம்ப்ரெஸரின் ஆயுளும் போகும், மின்சாரமும் போகும்.

படி 3: தரைக்குள் குழாய்

இன்சுலேஷன் மேல் 16 மி.மீ. குழாய், 150 மி.மீ. இடைவெளி, ஒரு சுற்று 100 மீட்டருக்குள். அறையின் ஓரம் முழுவதும் சுவருக்கும் ஸ்கிரீடுக்கும் (குழாய்களின் மேல் ஊற்றும் கலவைத் தளம்) நடுவே இன்சுலேஷன் பட்டை அவசியம். அவசரத்தில் இதைத்தான் விட்டுவிடுவார்கள், பிறகு சுவர் வழியாக வெப்பம் மண்ணுக்கு இறங்கும். குழாயில் 6 பார் அழுத்தம் ஏற்றி, அந்த அழுத்தம் இருக்கும்போதே ஸ்கிரீட் ஊற்றச் சொல்லுங்கள். ஊற்றுவதற்கு முன் அளவு நாடாவைத் தரையில் விரித்து ஒவ்வொரு அறையையும் படம் எடுங்கள். பின்னால் கதவு நிறுத்தி பொருத்தத் துளை போடும் நாளில் அந்தப் படத்தின் அருமை தெரியும்.

சிமெண்ட் ஸ்கிரீட் என்றால் 21 நாள், ஊற்றித் தானே மட்டமாகும் கால்சியம் சல்ஃபேட் வகை என்றால் 7 நாள் பொறுத்துத்தான் சூடேற்றத் தொடங்கலாம். அப்போதும் முதல் மூன்று நாள் 25 டிகிரியைத் தாண்டாதீர்கள். உற்பத்தியாளர் வேறு சொன்னால் அவர் சொல்வதே வேதம்.

இந்த வீட்டில் 2.3 கிலோவாட்டைக் கீழ்த்தளத்தின் 70 சதுர மீட்டர் கொடுத்தால் போதும். சதுர மீட்டருக்கு 33 வாட். தரைப்பரப்பு அறையைவிட மூன்று டிகிரி சூடாக இருந்தால் அது கிடைத்துவிடும். அதாவது 24 டிகிரி. காலில் சூடாகவே தெரியாது. விருந்தினர் வந்து, "ஹீட்டர் போடவில்லையா?" என்று கேட்பார்கள்.

படி 4: தெர்மோஸ்டாட்டுகளைக் கட்டிப்போடுங்கள்

நான் அதிகம் முட்டிக்கொண்ட இடம் இதுதான், நீங்களும் முட்டிக்கொள்வீர்கள். பாய்லரில் பழகிய பிளம்பர் அறைக்கு ஒரு தெர்மோஸ்டாட், நடுவில் சூடான நீரைத் தேக்கும் ஒரு பஃபர் தொட்டி, நீரைச் சுற்றவைக்கும் இரண்டு பம்ப், கலப்பு வால்வு என்று வரைபடம் கொண்டுவருவார். தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் வேலை. கலப்பு வால்வு 45 டிகிரி நீரைக் குளிர்ந்த நீரோடு கலந்து 32 ஆக்கித் தரும். நாம் 32-ஐயே நேரடியாக உண்டாக்கினால் என்ன?

பஃபர் தொட்டி எதற்கு என்று கேட்டால், குழாய் அமைப்பில் நீரளவு போதாது என்பார்கள். அறைத் தெர்மோஸ்டாட்டுகள் ஒவ்வொன்றாக வால்வை மூடினால் உண்மையிலேயே போதாது. மூடாமல் எல்லாச் சுற்றையும் திறந்தே வைத்தால் தரையே பஃபர். 70 சதுர மீட்டரில் 6 செ.மீ. ஸ்கிரீட் என்றால் எடை 8 டன்னுக்கு மேல்; அது ஒரு டிகிரி ஏறவே சுமார் 2 யூனிட் வெப்பம் வேண்டும். அதற்குப் பக்கத்தில் 50 லிட்டர் தொட்டி என்ன செய்துவிடும்?

"வெயில் அடித்தால் அறை கொதிக்காதா?" என்று என்னிடம் கேட்காதவர் இல்லை. தரை 24, அறை 21 என்றால் வித்தியாசம் 3. வெயிலால் அறை 23 ஆனால் வித்தியாசம் 1. தரை தரும் வெப்பம் தானாகவே மூன்றில் ஒரு பங்காகிவிடும். அறை 24-ஐத் தொட்டால் சுத்தமாக நின்றுவிடும். யாரும் எந்த வால்வையும் மூடவேண்டியதில்லை. சூடு குறைந்த தரைக்கு மட்டுமே வாய்க்கும் குணம் இது. 50 டிகிரி ரேடியேட்டரிடம் எதிர்பார்க்காதீர்கள்.

கட்டட ஆய்வாளர் அறைக்கட்டுப்பாடு எங்கே என்று கேட்பார், விதிமுறை அப்படி. பொருத்திக் காட்டுங்கள். பிறகு 23-ல் வைத்து மறந்துவிடுங்கள். செல்பேசியில் இயங்கும் 'ஸ்மார்ட்' தெர்மோஸ்டாட்டுகள் மீது எனக்குத் தனி வெறுப்பு உண்டு. வீட்டில் ஆள் இல்லை என்று தானே முடிவுசெய்து சூட்டை இறக்கும், மாலையில் ஏற்றச் சொல்லி அவசரப்படுத்தும். எட்டு டன் கல் அவசரத்துக்கு ஏறாது. பம்ப் தன்னால் முடிந்த மட்டும் நீரைக் கொதிக்கவைக்கும். நீங்கள் மிச்சம் பிடித்ததெல்லாம் அந்த இரண்டு மணி நேரத்தில் போய்விடும்.

படி 5: வெளிச்சூட்டை வைத்து நீர்ச்சூடு

பம்ப்பின் அமைப்புப் பட்டியலில் வெளிவெப்பத்துக்கு ஏற்ப நீர்ச்சூட்டை மாற்றும் ஒரு கோடு இருக்கும். பெரும்பாலும் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே, தேவைக்கு மேலான சூட்டில் விட்டுச் சென்றிருப்பார்கள். வெளியே மைனஸ் 3 என்றால் நீர் 33, வெளியே 15 என்றால் நீர் 24 என்று தொடங்குங்கள்.

பிறகு மேகமூட்டமான, காற்றில்லாத நாட்களைத் தேர்ந்தெடுத்துத் திருத்துங்கள். வெயில் நாளில் திருத்தினால் கணக்கு பொய்யாகும். ஒரு முறைக்கு ஒரு டிகிரி மட்டும். மாற்றியபின் இரண்டு நாள் தொடாதீர்கள். மிதமான நாளிலும் கடும் குளிரிலும் ஒரே அளவு குளிர்ந்தால் கோட்டை அப்படியே மேலே தூக்குங்கள். மிதமான நாளில் சரியாக இருந்து கடும் குளிரில் மட்டும் குறைந்தால் சரிவைக் கூட்டுங்கள். இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் எது பலன் தந்தது என்று கடைசிவரை தெரியாது.

போகும் குழாயிலும் திரும்பும் குழாயிலும் மலிவான டிஜிட்டல் வெப்பமானி ஒவ்வொன்று கட்டிவையுங்கள். வித்தியாசம் 5 டிகிரிக்குப் பக்கத்தில் இருந்தால் நீரோட்டம் சரி. செலவழிக்க மனம் இருந்தால் வெப்பமீட்டர் ஒன்று வைக்கலாம். வேல்ஸைச் சேர்ந்த ஓப்பன் எனர்ஜி மானிட்டர் குழுவினரின் கருவிகள் எனக்குப் பிடித்தவை. பிறர் வீட்டுப் பம்ப்புகளின் பதிவுகளையும் அவர்கள் பொதுவில் வைத்திருப்பதால் ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

குளியல் நீருக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஹீட் பம்ப்புக்கென்றே செய்த, உள்சுருள் 3 சதுர மீட்டராவது உள்ள வெந்நீர்ச் சிலிண்டர் (வெந்நீர்த் தொட்டி) வாங்குங்கள். 48 டிகிரி போதும். லெஜியோனெல்லாக் கிருமிக்காக வாரம் ஒருமுறை 60-க்கு ஏற்றும் வசதி எல்லாவற்றிலும் உண்டு.

மானியம்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 7,500 பவுண்டு கிடைக்கிறது. புது வீடுகளில் சொந்தமாகக் கட்டுபவர்களுக்கு மட்டுமே அது பொருந்தும். சான்று பெற்ற நிறுவனமே பொருத்தி, அவர்களே விண்ணப்பிக்கவேண்டும். ஆகவே குழாய் வேலையை நீங்கள் செய்தாலும் பம்ப்பை அவர்கள் கையில் விடுங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் 'கலப்பு வால்வு இல்லை, பஃபர் இல்லை' என்று எழுதி வாங்குங்கள்.

பின்சேர்க்கை 1: ஜனவரியில் ஹீட் பம்ப்பின் வெளிப்பெட்டியிலிருந்து வெண்புகை வருகிறது, தீப்பிடித்துவிட்டதா என்று ஒருவர் பதறி எழுதியிருந்தார். அது நீராவி. வெளியே 0 முதல் 5 டிகிரியில் காற்று ஈரமாக இருக்கும்போது பின்பக்கத் தகடுகளில் பனி படியும். பம்ப் சில நிமிடம் திசைமாறி ஓடி அதை உருக்கும். கவலைப்படவேண்டியது உருகிய நீரைப் பற்றித்தான். அது நடைபாதையில் வழிந்தால் இரவில் கண்ணாடிபோல் உறைந்துவிடும். பெட்டிக்கு அடியில் ஜல்லிக் குழி வெட்டி அதற்குள் விடுங்கள். குழாய் வழியாக விட்டால் குழாயே உறைந்து அடைக்கும்.

பின்சேர்க்கை 2: ஆர்290 வகை, அதாவது புரொப்பேன் வாயு உள்ள பம்ப்பைச் சமையலறைச் சன்னலுக்குக் கீழே வைக்கலாமா என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். கூடாது. புரொப்பேன் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு படர்ந்து பள்ளத்தில் தேங்கும். சன்னல், கதவு, சாக்கடை வாய், நிலவறைக் காற்றுத்துளை எதுவும் இல்லாத பாதுகாப்பு வட்டம் பெட்டியைச் சுற்றி வேண்டும். அதன் அளவு ஒவ்வொரு மாடலின் கையேட்டிலும் படமாகவே இருக்கும். கான்கிரீட் மேடை ஊற்றும் முன், சாக்கடை வேலை முடியும் முன், அந்தப் படத்தை மேஸ்திரியிடம் கொடுத்துவிடுங்கள்.