‘மூன்று மடங்கு குறைந்தது’ என்றால் எவ்வளவு?

30 ரூபாய்க்கு விற்ற தக்காளி 90 ரூபாய்க்குப் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். ‘விலை மூன்று மடங்கானது’ என்றால் சரி. ‘மூன்று மடங்கு அதிகரித்தது’ என்று எழுதும்போதுதான் வம்பு வருகிறது. கூடியது 60 ரூபாய்தானே? அது பழைய விலையின் இரு மடங்கு. கறாரான ஆள் 30-உடன் அதன் மூன்று மடங்கான 90-ஐக் கூட்டி 120 என்பார். மற்றவர் 90 என்றே படிப்பார். இருவரையும் குறை சொல்ல முடியாது, எழுதியவரைத்தான் சொல்ல வேண்டும். சதவீதத்திலும் இதே கதைதான்: 100 சதவீதம் உயர்ந்தால் இரு மடங்கு, 200 சதவீதம் உயர்ந்தால் மும்மடங்கு.

‘மூன்று மடங்கு குறைந்தது’ இதைவிட மோசம். ஒரு மடங்கு குறைந்தாலே மிச்சம் பூஜ்யம். அப்புறம் இன்னும் இரண்டு மடங்கை எங்கிருந்து குறைப்பது? 90 ரூபாய் 30 ஆனால் ‘மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது’ என்று சொல்லிவிடலாம்.

மடங்கு என்றதும் மடிப்பு நினைவுக்கு வரும். தாளை ஒருமுறை மடித்தால் இரண்டு அடுக்கு, பொருந்துகிறது. மூன்று முறை மடித்தால் 8 அடுக்கு, பத்து முறைக்கு 1024. மும்மடங்கு என்பதோ வெறும் 3தான். ஆகவே ‘தினமும் இரு மடங்காகிறது’ என்ற வாக்கியத்தை யோசித்துத்தான் எழுத வேண்டும். பத்தே நாளில் அது ஆயிரம் மடங்கைத் தாண்டிவிடும்.

எல்லா அளவுக்கும் மடங்கு போடவும் கூடாது. 20 டிகிரி செல்சியஸைவிட 40 டிகிரி இரு மடங்கு வெப்பம் என்கிறோம். அதையே பாரன்ஹீட்டில் சொன்னால் 68, 104. இரு மடங்கு எங்கே போயிற்று? செல்சியஸின் பூஜ்யம் தண்ணீர் உறையும் நிலை, வெப்பமே இல்லாத நிலை அல்ல. நிலநடுக்கத்தில் தவறு எதிர்ப்பக்கம் நடக்கிறது. ரிக்டர் அளவு 6-க்கும் 7-க்கும் கொஞ்சம்தான் வித்தியாசம் என்று தோன்றும். பதிவாகும் அதிர்வின் வீச்சு 10 மடங்கு, வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு.

பதின்மடங்கு, பன்மடங்கு இரண்டையும் ஒன்றாக நினைப்பவர்கள் உண்டு. முன்னது பத்து மடங்கு, பின்னது பல மடங்கு. 20 சதவீத உயர்வைப் ‘பன்மடங்கு’ என்பது விளம்பரக்காரர் வேலை.

‘அண்ணனுக்குத் தம்பி நூறு மடங்கு மேல்’ என்று வீட்டில் பேசுவதில் மட்டும் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. அங்கே யாரும் கணக்குப் போடுவதில்லை. அதே வாயால் ‘நாற்பத்தேழு மடங்கு மேல்’ என்று சொல்லிப் பாருங்கள், தம்பியே சந்தேகமாகப் பார்ப்பான்.