ராத்திரித் தூக்கத்துக்குக் காலையிலேயே சாவி கொடுங்கள்

என் பேராண்டிக்கு 11 வயது. ஆட்டிசம் உள்ள பிள்ளை. போன வருஷம் இந்நேரமெல்லாம் ராத்திரி 2 மணிக்கு எழுந்து வளவை, அதாவது வீட்டு நடுவில் முற்றத்தைச் சுற்றித் தூண் வைத்த தாழ்வாரத்தை, சுற்றுவான். தூணுக்குத் தூண் உள்ளங்கையால் ஒரு தட்டு. சுற்று முடிந்ததும் பலகார டின் திறக்கிற சத்தம் கேட்கும். நான் பள்ளத்தூரில் பலகாரம் போட்டு விற்கிறவள். தேன்குழலும் சீப்புச்சீடையும் வீட்டில் இல்லாத நாளில்லை. ஒரே வருஷத்தில் 8 கிலோ ஏறிவிட்டான்.

நாங்களும் சும்மா இருக்கவில்லை. பால் காய்ச்சிக் கொடுத்தோம், கால் அமுக்கினோம், மந்திரித்தோம். எல்லாம் ராத்திரி 9 மணிக்கு மேல். விஷயம் காலையில் இருக்கிறது என்று யாருக்கும் தோன்றவில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் முதலில் ஒரு நோட்டுப் போடுங்கள். நான் பற்று எழுதுகிற நோட்டின் பின்பக்கத்தில் எழுதினேன். எழுந்தது, படுத்தது, நடுவில் விழித்தது, ஒவ்வொரு வாய் சாப்பிட்டது, வெளிக்குப் போனது, போன் பார்த்தது, எல்லாவற்றுக்கும் மணி. இரண்டு வாரம் போதும். எங்கள் நோட்டில் தெரிந்தது இதுதான்: காலை 9 மணி வரை தூக்கம், மதியம் வரை ஒன்றுமே இறங்காது, அந்தி சாய்ந்த பிறகுதான் பசி. பாதிச் சாப்பாடு ராத்திரியில்.

மருமகள் மருந்துக் கடையில் மருந்தாளுநர். அவள்தான் எனக்குப் புரிகிற மாதிரிச் சொன்னாள். எங்கள் பட்டாலையில் (கூடத்தில்) சாவி கொடுக்கிற பெரிய கடிகாரம் ஒன்று இருக்கிறது. அந்த மாதிரி மூளையில், இரண்டு கண் நரம்புகளும் குறுக்கே சேருகிற இடத்துக்கு மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் சேர்ந்த கடிகாரம் ஒன்று உண்டு. அது ஒரு சுற்றுக்கு 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். தினம் காலை வெளிச்சம் பட்டால்தான் சரியாகும். கல்லீரல், கணையம், குடல் இவற்றுக்கும் தனித்தனிக் கடிகாரம் இருக்கிறது. அவை சாப்பாட்டு நேரத்தைப் பார்த்துத் திருப்பி வைத்துக்கொள்ளும். நடுராத்திரி சீடை தின்றால் மூளை ‘இருட்டு’ என்று சொல்லும், கல்லீரல் ‘விடிந்துவிட்டது’ என்று சொல்லும். ஒரே வீட்டில் இரண்டு நேரம்.

ஆட்டிசத்தில் இது ஏன் அதிகம்? தூக்கத் தொந்தரவு இந்தப் பிள்ளைகளில் பாதிக்கு மேல் உண்டு. இருட்டில் சுரக்கிற தூக்க ஹார்மோனான மெலடோனின் பலருக்குக் குறைவாக இருப்பதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். அதைச் செய்கிற கடைசி நொதியின் மரபணுவில் சிலருக்கு மாற்றம் இருப்பது 2008இல் வெளிவந்தது. இன்சுலின் வேலை செய்வது எல்லாருக்குமே காலையில் நன்றாக, ராத்திரியில் மந்தமாக. தூக்கம் குறைந்தால் பசியும் கூடும். போதாததற்கு என் பேராண்டி சாப்பிடுகிற ரிஸ்பெரிடோன், பசியையும் எடையையும் ஏற்றுகிற மருந்து. (இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்தாதீர்கள். எடையையும் இடுப்பளவையும் குறித்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள்.)

இனி செய்முறை. எழுப்புகிற நேரத்தைப் பிடியுங்கள், படுக்கிற நேரத்தை அல்ல. 9 மணிக்கு எழுகிறவனை மறுநாளே 6:30க்கு இழுத்தால் வீடு ரணகளமாகும். மூன்று நாளைக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னே தள்ளினோம். பத்துத் தள்ளல், ஒரு மாதம். ஞாயிறும் இல்லை, திருவிழாவும் இல்லை.

எழுந்ததும் அரைமணி வெளிச்சத்தில் இருக்கவேண்டும். நம் செட்டிநாட்டு வீட்டில் இதுதான் சிக்கல். ஆயிரம் ஜன்னல் வீடு என்று ஊர் பேசும். உள்கட்டில் பட்டப்பகலிலும் லைட் போடவேண்டும். குழல்விளக்கு சில நூறு லக்ஸை (வெளிச்சத்தை அளக்கிற அலகு) தாண்டாது, மேகம் மூடிய காலையிலும் வெளியே ஆயிரங்களில் இருக்கும். அதனால் வளவின் திறந்த முற்றத்தோரம், இல்லையென்றால் முகப்புத் திண்ணை. சூரியனைப் பார்க்க வேண்டாம், வெளியே இருந்தால் சரி. ‘போய் உட்கார்’ என்றால் எங்கள் பிள்ளை உட்காரமாட்டான். வேலை கொடுத்தேன்: வாசல் தெளிக்கிற தண்ணீரை அவன் ஊற்றவேண்டும், வாளி நிறைய மூன்று முறை. வாளி, கோலம், இடியாப்பம் என்று மூன்று படம் வரைந்து நிலைக்கதவுக்குப் பக்கத்தில் ஒட்டினோம். அடுத்தது என்ன என்று தெரிந்தால் அவனுக்குப் பதற்றம் இல்லை. ஒரு நாள் மழை. அன்றும் தண்ணீர் ஊற்றினான். ஊற்றட்டும்.

எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் வாயில் ஏதாவது போகவேண்டும். வெள்ளையாக இருப்பதைத்தான் தின்பான்: இடியாப்பம், வெள்ளைப் பணியாரம், தயிர்ச்சோறு. காய்கறி எங்கே என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். நேரத்தையும் ஐட்டத்தையும் ஒன்றாக மாற்றப் போனால் இரண்டும் கெடும். முதல் இரண்டு மாதம் அதே வெள்ளைப் பணியாரம், எழுந்த ஒரு மணி நேரத்துக்குள். பிறகுதான் மாவில் உளுந்தைக் கொஞ்சங்கொஞ்சமாகக் கூட்டினேன். உளுந்து மாவில் கிண்டுகிற இனிப்பான கும்மாயத்தை ஒரு ஸ்பூனில் ஆரம்பித்தேன். வழுவழுவென்று இருப்பதால் தப்பித்தது.

ராத்திரிச் சாப்பாடு 7 மணிக்கு. டின்கள் எல்லாம் வீட்டின் பின்பகுதியான இரண்டாம் கட்டுக்குப் போய்விட்டன, பூட்டோடு. பசியில் அழவிடுவது இல்லை இது. நிஜமாகவே பசித்தால் அரை டம்ளர் பால். சர்க்கரை நோயோ வலிப்போ உள்ள பிள்ளை என்றால் டாக்டரைக் கேட்காமல் நேரத்தை மாற்றாதீர்கள்.

அப்பன் சிங்கப்பூரில். அங்கே நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. வேலை முடிந்து, நமக்கு 9:30 ஆகும்போது வீடியோ கால் போடுவான், பிள்ளை அப்பனைப் பார்த்த குஷியில் 12 வரை குதிக்கும். சண்டை போட்டு அதை மாலை 6:30க்கு மாற்றினேன். 8 மணிக்குப் போன் என் இடுப்பில், பட்டாலையில் ஒரு மஞ்சள் பல்பு மட்டும். மதியத்துக்கு மேல் டீ கிடையாது. சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் ஆனதும் கண்ணைச் சொருகும். அரைமணியில் எழுப்பிவிடுவேன், 3 மணிக்கு மேல் தூங்கவிடுவதில்லை.

கனமான போர்வை வாங்கச் சொல்வார்கள். பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது, ஆனால் தூக்கம் கூடவில்லை என்று 2014இல் வந்த ஆய்வு சொல்கிறது. எங்களவன் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையின் குளிர்ச்சியில் பாயைத் தள்ளிவிட்டுப் படுக்கிறான். போர்வைக்காசு மிச்சம்.

இவ்வளவுக்கும் முன்னால் டாக்டரிடம் கேட்கவேண்டியவை: மலச்சிக்கல், நெஞ்செரிச்சல், பல்வலி, குறட்டை, தூக்கத்தில் வலிப்பு, ரத்தத்தில் ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டுவது) அளவு. வாய்விட்டுச் சொல்லமுடியாத பிள்ளைக்கு வலி ராத்திரி விழிப்பாகத்தான் வெளியே வரும். பழக்கமெல்லாம் மாற்றியும் தூக்கம் வரவில்லை என்றால் மெலடோனின். அமெரிக்க நரம்பியல் அகாடமியின் 2020 வழிகாட்டியும் இதே வரிசையைத்தான் சொல்கிறது. 1 முதல் 3 மில்லிகிராம் அளவில், படுக்க அரைமணி ஒரு மணிக்கு முன் ஆரம்பிப்பது அதில் உள்ள முறை. எங்கள் டாக்டர் 1 மில்லிகிராமில் தொடங்கினார், நான்கு மாதத்தில் நிறுத்தினார். நீங்களாகக் கடையில் வாங்காதீர்கள். என் மருமகளே கொடுக்கமாட்டாள்.

பிள்ளையார் நோன்பன்று திரி ஏற்றி இழை எடுக்கிற சடங்கு முடிய நேரமாகி 11:30க்குத்தான் படுத்தான். மறுநாள் அழுதுகொண்டே 6:30க்கு எழுந்தான், எழுப்பினேன். நாலு நாளில் பழைய நேரத்துக்கு வந்துவிட்டது. எடை இன்னும் 3 கிலோதான் இறங்கியிருக்கிறது. மாதம் இரண்டு மூன்று ராத்திரி இன்றும் தூண் தட்டுகிற சத்தம் கேட்கும். லைட் போடுவதில்லை, பேசுவதும் இல்லை. நான் பாயை முற்றத்தோரம் இழுத்துப்போட்டுப் படுத்துக்கொள்வேன், அவன் சுற்றி முடித்துத் தானே வந்து படுப்பான். நோட்டில் மணியை மட்டும் எழுதிவைப்பேன்.