பேனா ஜூனியர் கையில் இருக்கட்டும்: எழுதவும் பேசவும் சக மாணவருக்கு உதவுவது எப்படி?

நான் இரண்டாம் ஆண்டு படித்தபோது, முதலாண்டு மாணவி ஒருத்தி ஆங்கில அசைன்மென்டை நீட்டி, "கொஞ்சம் பாத்துக் குடுங்கண்ணா" என்றாள். பார்த்ததோடு விட்டேனா? சிவப்புப் பேனாவை எடுத்து முழுவதையும் நானே திருப்பி எழுதிவிட்டேன். மதிப்பெண் நன்றாகவே வந்தது. அடுத்த வாரம் அதையே செமினாராகப் பேசச் சொன்னார்கள். இரண்டாவது வரியிலேயே நின்றுவிட்டாள்.

1970இல் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் அந்நகரில் பள்ளி முடித்த எல்லோருக்கும் கதவைத் திறந்தது. எழுதத் திணறிய மாணவர்கள் ஏராளம். ஆனால் ஆசிரியர்கள் வைத்த உதவி வகுப்புப் பக்கம் பலர் எட்டிப் பார்க்கவில்லை. அதன் புரூக்ளின் கல்லூரியில் கென்னத் புரூஃபி என்ற பேராசிரியர் மாணவர்களையே மாணவர்களுக்கு உதவ உட்கார வைத்தார். இங்கேயும் அதே கதைதான். எச்ஓடியிடம் (துறைத் தலைவரிடம்) கேட்கக் கூச்சம், சீனியர் அண்ணனிடமோ அக்காவிடமோ கேட்கலாம்.

சரி, நீங்கள் அந்த அண்ணனாகவோ அக்காவாகவோ இருந்தால் எப்படித் தொடங்குவது?

படி 1: இடம். ஸ்டாஃப் ரூம் வாசல் வேண்டாம், மரத்தடி போதும். எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்காருங்கள். நாற்பது நிமிடம். தாள் அவர் முன்னால், பேனா அவர் கையில்.

படி 2: தாளைப் படிக்கும் முன் கேளுங்கள். "இதுல நீ என்ன சொல்ல வர்ற?" தமிழிலேயே சொல்லட்டும். பெரும்பாலும் எழுதியதைவிட வாயால் சொல்வது தெளிவாக இருக்கும். "இப்ப சொன்னியே, அதையே எழுது" என்றுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். எனக்கு இன்றைக்கும் கஷ்டமான படி இதுதான். அவர் யோசிக்கும் பத்து விநாடி நமக்குப் பத்து நிமிடம்போல இருக்கும். உள்ளே புகுந்து வார்த்தை எடுத்துக் கொடுத்தால் பழைய சிவப்புப் பேனா வேலைதான்.

படி 3: சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். நாக்கு தடுக்கும் இடத்தில் அவரே ஒரு புள்ளி வைக்கட்டும்.

படி 4: பிழைகள். கருத்தும் வரிசையும் சரியான பிறகுதான் இது. எல்லாப் பிழையையும் காட்டினால் மனுஷன் ஓடிவிடுவார். ஒரே வகையை எடுங்கள். தமிழில் 'தி' (the) போன்ற சொல் கிடையாது, அதனால் ஆங்கிலத்தில் நமக்கு அது விட்டுப்போகும். 'பற்றி விவாதித்தோம்' என்று பழகிய வாய், வெறும் 'டிஸ்கஸ்' போதும் என்ற இடத்தில் 'டிஸ்கஸ் அபௌட்' என்கிறது. ஏன் வருகிறது என்று தெரிந்தால் வெட்கம் பாதி குறையும். தமிழ்க் கட்டுரை என்றால் ஒற்று: 'கதை படித்தான்', ஆனால் 'கதையைப் படித்தான்'. ஒரு வரியில் காட்டுங்கள், மற்ற வரிகளில் அவர் தேடட்டும்.

படி 5: பேச்சு. மூன்று நிமிட செமினாருக்கு நான்கு பக்கம் எழுதி வருவார்கள். நிமிடத்துக்கு 120 ஆங்கிலச் சொல் என்று வைத்தாலும் 360தான் தேறும், ஏறக்குறைய ஒரு பக்கம். எழுதியதை வாங்கி வைத்துக்கொண்டு, துண்டுத்தாளில் ஐந்தே சொற்களைக் குறிக்கச் சொல்லுங்கள். அதைப் பார்த்து நின்றபடி பேசட்டும், போனில் பதிவு செய்யுங்கள். நடுவில் 'மைசெல்ஃப் முருகன்' என்று வந்தாலும் நிறுத்தாதீர்கள். முடிந்ததும் பதிவை முதலில் அவரே கேட்கட்டும். அப்புறம் மாற்ற வேண்டியதில் ஒன்றை மட்டும் சொல்லி, உடனே மறுபடி பேச வையுங்கள். இந்த இரண்டாவது முறையை விட்டுவிட்டால் செய்ததெல்லாம் வீண்.

"நாளைக்கு சப்மிஷன், நீங்களே எழுதிக் குடுத்துருங்கண்ணா" என்று ஒருவர் கட்டாயம் வருவார். திட்டி அனுப்ப வேண்டாம். முதல் பத்தியை மட்டும் எடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து அவரையே எழுத வையுங்கள். மீதியை ராத்திரி ஹாஸ்டலில் அவர் பார்த்துக்கொள்வார்.