டாக்டரேட் முடிச்ச தெரபிஸ்ட் சறுக்குற இடங்கள்

கிளினிக்கல் சைக்காலஜில டாக்டரேட் பண்ணா தெரபி தானா நல்லா வந்துடும்னு நிறைய பேர் நினைக்கறாங்க. அஞ்சாறு வருஷம் அதுல கெடந்து வந்தவங்கள கேட்டா சொல்வாங்க, அங்க உருப்படியா ஒட்டுறது தியரி இல்ல, "நான் நினைக்கறது தப்பா இருக்குமோ"ன்னு திரும்பத் திரும்பப் பாக்குற பழக்கம்தான். அந்த சந்தேகத்த நம்ம மேல வைக்காம கிளையன்ட் மேல வைக்கறப்போதான் சறுக்கல் ஆரம்பிக்குது.

எனக்கே நடந்துச்சு. தீசிஸுக்காக இன்டர்வியூ எடுத்து எடுத்து வாய் பழகிப்போச்சு, ஒருத்தர் வந்து தூக்கமே வரலன்னாரு, நான் உடனே எத்தன நாளா, படுத்து எவ்ளோ நேரம் ஆகுது, நடுவுல எத்தன தடவ முழிப்பு வருதுன்னு அடுக்கிட்டே போனேன். எல்லாம் கேக்க வேண்டியதுதான், ஆனா ரெக்கார்டிங்க போட்டுக் கேட்டா நாலாவது கேள்வில இருந்து அவர் பதில் வெறும் "ம்". என் செஷன்களக் கேட்டு வழிகாட்டுற சூப்பர்வைசர் அங்கயே நிறுத்திட்டு, "முழிச்சிட்டு இருக்கறப்போ மனசுல என்ன ஓடுதுன்னு ஏன் கேக்கல?"ன்னாங்க.

அதுக்காக அளக்குறதயே தூக்கிப் போடறது இன்னொரு தப்பு. பிஎச்க்யூ-9னு டிப்ரஷனுக்கு ஒரு கேள்வித்தாள் இருக்கு, 9 கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 0ல இருந்து 3 வரைக்கும், மொத்தம் 27. மொத்தம் 8 வந்தா லேசானதுன்னு அர்த்தம், சரின்னு பேப்பர மடிச்சு வைச்சுடுவோம், ஆனா 9வது கேள்விதான் செத்துப்போனா தேவலன்னு தோணுதா, தன்னையே காயப்படுத்திக்கத் தோணுதான்னு கேக்கறது. அதுல 1 போட்டிருந்தாலும் கூட்டுத்தொகைக்குள்ள அது காணாமப் போயிடும். கூட்டறதுக்கு முன்னாடி அந்த வரியப் பாருங்க, 0 இல்லன்னா அன்னிக்கே நேரா கேளுங்க, கேட்டா அந்த எண்ணம் புதுசா வந்துடும்ங்கற பயம் வேணாம்.

ஆராய்ச்சில வர்ற "இந்த சிகிச்சை வேலை செய்யுது" கூட்டத்தோட சராசரிதான், எதிர்ல உக்காந்திருக்கறவர் அந்த சராசரி கிடையாது. அம்மா செத்து 10 நாள்கூட ஆகாதவங்ககிட்ட சிகிச்சை மேனுவல்ல மூணாவது செஷனுக்கு ஹோம்வொர்க் போட்டிருக்குன்னு ஷீட்ட நீட்டுறது எல்லாம் படிச்சவங்க பண்ற வேலையா?

அப்புறம், குணமானா எல்லாம் நம்ம கைராசின்னு நம்பறது. ஜனங்க ரொம்ப மோசமா இருக்கறப்போதான் வருவாங்க, அந்த மோசத்துல கொஞ்சம் தானாவே இறங்கி வரும், புள்ளியியல் கிளாஸ்ல தூங்காம இருந்தவங்களுக்கு இது ஞாபகம் இருக்கும்.

ஆராய்ச்சியும் சேர்ந்த பிஎச்டி பெருசா, தெரபிக்கு எடை குடுக்குற சைடி (PsyD) டாக்டரேட் பெருசான்னு அடிச்சுக்கறவங்களுக்கு ஒரே வார்த்தை. அமெரிக்காவுல கிளினிக்கல் சைக்காலஜி படிப்பு எப்படி இருக்கணும்னு பேசுன 1949 போல்டர் மாநாட்டுல ஆராய்ச்சியும் தெரபியும் ரெண்டும் தெரிஞ்ச ஆள் வேணும்னு முடிவு பண்ணாங்க, 1973ல வெய்ல் மாநாட்டுல தெரபிக்கே கூடுதல் எடை குடுக்குற வழியையும் ஏத்துக்கிட்டாங்க. ரெண்டுலயும் சொதப்பலாம்.

என்னக் கேட்டா பெரிய தப்பு, பேருக்கு முன்னாடி டாக்டர்னு வந்ததும் சூப்பர்விஷன நிறுத்திடறதுதான். பேர்போன அமெரிக்க தெரபிஸ்ட் கார்ல் ராஜர்ஸ் 1940கள்லயே செஷன்கள ரெக்கார்ட் பண்ணி மாணவர்களோட உக்காந்து அலசினாரு, அவருக்கே தேவைப்பட்டுச்சு. நான் கிளையன்ட் சம்மதத்தோட மாசம் ஒண்ணாவது ரெக்கார்ட் பண்ணி இன்னொருத்தர்கிட்ட குடுக்கறேன். போன மாசம் குடுத்தது 50 நிமிஷம், அதுல பாதி நேரம் பேசுனது நான்தான்.